வீட்டுச் சென்சரி தெரபி: குழந்தையின் மாற்றத்தைக் கணக்கெடுக்க எந்தக் கருவி தேறும்?

ஊஞ்சல், டிரம்போலின், பெரிய பந்து, எடை வைத்த மேலாடை, தோலைத் தேய்க்கும் பிரஷ் என்று ஆட்டிசக் குழந்தைகளுக்கான சென்சரி தெரபி, அதாவது புலன்களுக்கான பயிற்சி, கேட்கும் சாமான்களைப் பற்றி விமர்சனங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு வீட்டில் பயிற்சி கொடுக்கும்போது குழந்தையிடம் உண்மையிலேயே ஏதாவது மாறுகிறதா என்று காட்டும் கருவிகளைப் பற்றித்தான் அதிகம் எழுதப்படுவதில்லை. இந்த விமர்சனம் அவற்றைப் பற்றியது: பெற்றோர் நிரப்பும் ஏடெக் (ATEC) வினாப்பட்டியல், நாட்குறிப்பு, ஏபிசி தாள், கைபேசிச் செயலி, வீடியோ, இலக்கு அளவுகோல், கையால் கோடு போடும் எண்ணிக்கைத் தாள்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு ஏ4 தாளில் மூன்று நடத்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தெரபி தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் எண்ணும் முறைதான் மற்ற எல்லாவற்றையும்விட நம்பகமானது. அதற்குத் துணையாக மாதம் ஒரு வீடியோவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏடெக்கும் போதும். செயலிகளில் நேரம் அளக்கும் வசதி மட்டும் நன்றாக இருக்கிறது. நாட்குறிப்பை மட்டும் நம்பினால் ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம்.

கணக்கெடுப்புக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? இந்தத் தெரபி பற்றிய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2014-ல் வெளியான ஷாஃப் குழுவினரின் ஆய்வில், 4 முதல் 8 வயதுக்குட்பட்ட ஆட்டிசக் குழந்தைகள் 32 பேரில், 10 வாரம் சென்சரி இன்டக்ரேஷன் தெரபி (சென்சரி தெரபியின் முறையான வடிவம்) பெற்றவர்கள் தங்களுக்கென வகுத்த இலக்குகளில் கூடுதல் முன்னேற்றம் காட்டினார்கள். 2022-ல் வெளியான பிரிட்டனின் செனிட்டா ஆய்வில் 138 குழந்தைகள் இருந்தார்கள். ஆறு மாதம் கழித்து எரிச்சல், பதற்றம் ஆகியவற்றை அளந்தபோது வழக்கமான கவனிப்பைவிடத் தெரபி கூடுதல் பலன் தந்ததாகத் தெரியவில்லை. இரண்டும் பயிற்சி பெற்ற தெரபிஸ்ட்டுகள் நேரில் செய்தவை. வீட்டில் பெற்றோர் செய்வதற்கு இவற்றிலிருந்து நேரடி உத்தரவாதம் எதுவும் கிடையாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையும் இந்தத் தெரபிகளுக்கான சான்று குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லவேண்டும், பலன் இருக்கிறதா என்பதை நாட்குறிப்பு, நடத்தை மதிப்பீட்டு அளவுகோல் முதலியவற்றால் குறிப்பிட்ட கால வரம்புக்குள் பார்க்கச் சொல்லித்தரவேண்டும் என்றே சொல்கிறது. ஆக, "இந்தத் தெரபி வேலை செய்யுமா" என்ற கேள்விக்கு விடை, உங்கள் குழந்தையைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டுத் தாளில்தான் கிடைக்கும்.

ஏடெக்: நல்ல கருவி, தவறாகவே படிக்கப்படுகிறது

ஏடெக் என்பது ஆட்டிசத்துக்கான சிகிச்சைகளின் பலனை அளப்பதற்காகவே ஆட்டிச ஆய்வாளர்கள் ரிம்லேண்ட், எடல்சன் இருவரும் உருவாக்கிய வினாப்பட்டியல். நோயைக் கண்டறியும் சோதனையாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இலவசம், பெற்றோரே நிரப்பலாம். 77 கேள்விகள், நான்கு பகுதிகள். பேச்சுக்கு 14 கேள்விகள், அதிகபட்சம் 28 புள்ளி. பழகும் தன்மைக்கு 20 கேள்விகள், 40 புள்ளி. புலன் மற்றும் அறிவு விழிப்புக்கு 18 கேள்விகள், 36 புள்ளி. உடல்நலம், நடத்தை ஆகியவற்றுக்கு 25 கேள்விகள், 75 புள்ளி. மொத்தம் 179. புள்ளி குறையக் குறைய நிலைமை மேம்படுகிறது என்று பொருள்.

பெரும்பாலானோர் மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு "95-லிருந்து 82-க்கு வந்துவிட்டது" என்று மகிழ்கிறார்கள். இது சரியான படிப்பு இல்லை. நான்காம் பகுதியில் படுக்கையில் சிறுநீர் கழிப்பது, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, தூக்கம், வலிப்பு என்று சென்சரி தெரபிக்கு நேரடித் தொடர்பில்லாத பல கேள்விகள் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை. மற்ற மூன்று பகுதிகளில் 0 முதல் 2 வரைதான். மலச்சிக்கல் சரியாகி, அதனால் தூக்கமும் சீரானால் மொத்தம் தானாக இறங்கும். அந்தப் பெருமை ஊஞ்சலுக்குப் போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்றாம் பகுதியின் தலைப்பில் "புலன்" என்ற சொல் இருப்பதால், சென்சரி தெரபியின் பலன் அங்கேதான் தெரியும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அங்கே இருப்பவை பெயர் சொன்னால் திரும்புகிறதா, படம் பார்க்கிறதா, வரைகிறதா, ஆபத்தை உணர்கிறதா, மற்றவர் பார்க்கும் திசையில் பார்க்கிறதா போன்ற கேள்விகள். சத்தம் தாங்காமை, வலி உணராமை, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது ஆகிய மூன்றும் நான்காம் பகுதிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே சென்சரி தெரபி செய்பவர்கள் அந்த மூன்று கேள்விகளையும், அதே பகுதியிலுள்ள பதற்றம், கத்தல், தன்னைத்தானே அடித்துக்கொள்வது ஆகியவற்றையும் தனியே எழுதி வைத்து ஒப்பிடுவது நல்லது.

சிறு குழந்தைகளிடம் இன்னும் கவனம் தேவை. 3 வயதுக் குழந்தை தெரபியே இல்லாமல் ஆறு மாதம் வளர்ந்தாலும் சில சொற்களைக் கூடுதலாகப் பேசும், தானாக உடுத்தப் பழகும். ஏடெக் புள்ளி அதற்கும் இறங்கும். நிரப்புவதற்கு ஒழுங்குகள் இரண்டு: ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் நிரப்பவேண்டும், பழைய தாளைப் பார்க்காமல் நிரப்பவேண்டும். அப்பாவும் அம்மாவும் மாறி மாறி நிரப்பினால் வருகிற வித்தியாசம், தெரபி தரும் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். மாதாமாதம் நிரப்புவதும் வீண்வேலை. "சிறிதளவு" என்பதற்கும் "மிகவும்" என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தைக் குழந்தை ஒரு மாதத்தில் கடந்துவிடாது.

சென்சரி புரொஃபைல் என்ற இன்னொரு வினாப்பட்டியலும் பலருக்குத் தெரிந்திருக்கும். வினி டன் உருவாக்கியது. 1999-ல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2014-ல். எந்தப் புலனில் குழந்தை அதிகம் தேடுகிறது, எதில் ஒதுங்குகிறது என்று தெரிந்துகொண்டு திட்டம் போட அது அருமையானது. வாராவாரம் மாற்றத்தை அளப்பதற்கு அது ஏற்றதல்ல.

நாட்குறிப்பு

மோசமான நாளில் ஒரு பக்கம் எழுதுவோம். நல்ல நாளில் ஒரு வரியோடு விட்டுவிடுவோம், அல்லது எழுதவே மாட்டோம். ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் மோசமான நாட்களே நிறைந்திருக்கும். தெரபியில் நம்பிக்கை வந்தபிறகு எழுதத் தொடங்கியவர்களுக்கு இதுவே தலைகீழாக நடக்கும். நாட்குறிப்பை நாங்கள் முழுவதும் ஒதுக்கவில்லை. தாளின் ஓரத்தில் ஒரே ஒரு வரி: தூக்கம் எத்தனை மணி, காய்ச்சல் சளி உண்டா, மருந்து மாறியதா, பள்ளி விடுமுறையா, விருந்தாளி வந்தார்களா. பிறகு வரைபடத்தில் திடீரென்று ஒரு மேடு வந்தால் காரணம் தேட இந்த வரி உதவும்.

ஏபிசி தாள்

முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன்பின் என்ன நடந்தது என்று மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) கொண்ட தாள் இது. தினசரிக் கணக்குக்கு மிகவும் கனமானது. ஆனால் எதை எண்ணவேண்டும் என்று தேர்ந்தெடுப்பதற்கு இதைவிடச் சிறந்தது இல்லை. தெரபிக்கு முன் ஒரு வாரம் மட்டும் இதை எழுதுங்கள். குழந்தை காதைப் பொத்துவதெல்லாம் சத்தத்தால் என்று நினைத்திருப்போம். பதினைந்து பதிவுகளை வரிசையாகப் பார்த்தால், அதில் பாதி சத்தமே இல்லாத நேரத்தில், பொம்மைகளை எடுத்து வைக்கச் சொன்னபோது நடந்தது என்று தெரியவரலாம். அப்படியானால் அது வேலையிலிருந்து தப்பிக்கும் வழி. அதை எந்த ஊஞ்சலும் சரிசெய்யாது.

முதல் பத்தியில் "பயந்தது", "கோபம் வந்தது" என்று எழுதுவதுதான் இந்தத் தாளைக் கெடுக்கும் பொதுவான தவறு. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதவேண்டும்: "வாக்யூம் கிளீனர் போட்டதும்", "சட்டையைத் தலைவழியாகக் கழற்றியபோது".

எண்ணிக்கைத் தாள்: இதில்தான் நேரம் செலவழிக்கவேண்டும்

மூன்று நடத்தைகள். இரண்டு குறையவேண்டியவை, ஒன்று கூடவேண்டியது. கூடவேண்டியதைச் சேர்க்காவிட்டால், குழந்தை வெறுமனே மந்தமாகிவிட்டதைக்கூட முன்னேற்றம் என்று எண்ணிக்கொள்ள நேரும். முடிந்தால் நான்காவதாக, தெரபி தொடவே தொடாத ஒன்றையும் வையுங்கள். உதாரணத்துக்கு, ஷூவைத் தானாகப் போட்டுக்கொள்வது. தெரபி குறிவைக்கும் நடத்தைகள் மட்டும் மாறி இது அப்படியே இருந்தால் தெரபியின் மீது நம்பிக்கை வைக்கலாம். நான்கும் ஒன்றாக மேம்பட்டால் வளர்ச்சியோ, நல்ல தூக்கமோ, புதிய பள்ளியோ காரணமாக இருக்கலாம்.

ஒவ்வொரு நடத்தைக்கும் தாளின் தலையில் வரையறை எழுதவேண்டும். "அடம்" என்று எழுதினால் ஆளுக்கு ஒரு கணக்கு வரும். இப்படி எழுதலாம்: "30 விநாடிக்கு மேல் தொடரும் அழுகை அல்லது கத்தல், அதோடு தரையில் விழுதல், உதைத்தல், பொருள் வீசுதல் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கவேண்டும். 2 நிமிடம் தொடர்ந்து அமைதியாக இருந்தால் முடிந்தது. அதன்பின் மறுபடி தொடங்கினால் புதியது." கடைசி இரண்டு வாக்கியங்களையும் விட்டுவிட்டால் ஒரே மெல்ட்டவுனை (அடக்க முடியாத அழுகை, கத்தல் வெடிப்பை) ஒருவர் ஒன்று என்பார், இன்னொருவர் நான்கு என்பார்.

எல்லா நடத்தையையும் எண்ணிக்கையால் அளக்க முடியாது. மெல்ட்டவுனுக்கு எண்ணிக்கையோடு கால அளவும் வேண்டும். பல குழந்தைகளிடம் எண்ணிக்கை அசையாமல் இருக்கும்போதே, அடங்குவதற்கு ஆகும் நேரம் 25 நிமிடத்திலிருந்து 12 நிமிடத்துக்கு இறங்கியிருக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு அது தெரியாமலே போய்விடும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறத் தயங்குவதை அளக்க, சொன்ன நொடியிலிருந்து குழந்தை அசையத் தொடங்கும் வரை ஆகும் விநாடிகளைக் குறிக்கவேண்டும். கை உதறுதல், ஆடிக்கொண்டே இருத்தல் போன்றவற்றை ஒவ்வொன்றாக எண்ணுவது நடக்காத காரியம். 10 நிமிடத்தை 30 விநாடித் துண்டுகள் 20 ஆகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் கடைசி நொடியில் நிமிர்ந்து பார்த்து, செய்கிறதா இல்லையா என்று மட்டும் குறிக்கலாம். துண்டுக்குள் ஒரு நொடி நடந்தாலும் "ஆம்" என்று குறிக்கும் முறையும் உண்டு. ஆனால் அது உண்மையைவிட அதிகமாகக் காட்டும். முறையை நடுவில் மாற்றினால் முன்பின் ஒப்பிடவே முடியாது.

இனி, வீட்டுக் கணக்குகளில் மிகுதியாக நடக்கும் பிழை. குழந்தை சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறது என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் தங்களை அறியாமலே சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். வாக்யூம் கிளீனரைக் குழந்தை வெளியே போனபிறகு போடுகிறார்கள், கதவை மெல்லச் சாத்துகிறார்கள், கூட்டமான இடங்களுக்குப் போவதை நிறுத்துகிறார்கள். தாளில் காதைப் பொத்தும் எண்ணிக்கை நாளுக்கு 8-லிருந்து 4-க்கு இறங்கும். குழந்தையிடம் எதுவும் மாறியிருக்காது, வீடுதான் மாறியிருக்கும். தலைமுடி வெட்டுவது, பல் துலக்குவது, கரடுமுரடான துணி என்று எல்லாத் தொல்லைகளிலும் இதே கதைதான். இதற்கு ஒரே மருந்து, வாய்ப்புகளையும் சேர்த்து எண்ணுவது. பலத்த சத்தம் எத்தனை முறை வந்தது, அதில் எத்தனை முறை காதைப் பொத்தியது என்று இரண்டு எண்கள். 10 சத்தத்துக்கு 8 முறை என்றிருந்தது, 5 சத்தத்துக்கு 4 முறை ஆனால் முன்னேற்றம் பூஜ்யம். 10-க்கு 4 ஆனால்தான் மாற்றம். இந்த இரண்டாவது எண் இல்லாத எந்தப் படிவத்தையும், அது எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும், நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

நேரத்தைப் பொறுத்தவரை, நாள் முழுவதும் எண்ண முயன்றால் நான்காம் நாளே கைவிட்டுவிடுவீர்கள். மெல்ட்டவுன் போன்ற பெரிய நிகழ்வுகளை மட்டும் நாள் முழுவதும் குறியுங்கள். மற்றவற்றுக்குப் பயிற்சிக்கு முன் 10 நிமிடம், முடிந்தவுடன் 10 நிமிடம், மாலையில் ஒரு நிலையான 10 நிமிடம். மூன்றும் தனித்தனிப் பத்திகளில். ஊஞ்சலில் ஆடி இறங்கியதும் அரை மணி நேரம் குழந்தை அமைதியாக இருப்பது உடனடி விளைவு. அது நல்லதுதான், ஒரு கடினமான வேலைக்கு முன்னால் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் மாலைப் பத்தியும், அடுத்த நாள் காலை "பயிற்சிக்கு முன்" பத்தியும் வாரக்கணக்கில் மேம்பட்டால் மட்டுமே நிலைத்த மாற்றம் என்று சொல்லலாம். இந்த இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதி, தெரபி அபாரமாக வேலை செய்வதாக நினைப்பவர்கள் பலர்.

என்ன பயிற்சி கொடுத்தோம் என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும்: எது, எத்தனை நிமிடம், குழந்தை விரும்பிச் செய்ததா, மறுத்ததா. "முன்னும் பின்னுமாக ஊஞ்சல் 10 நிமிடம், பந்தை அழுத்தித் தள்ளுதல் 5 நிமிடம், பிரஷ் மறுப்பு" என்று எழுதினால் போதும். தாளில் வாரம் 6 நாள் என்று திட்டம் இருந்தும் நடந்தது 3 நாள்தான் என்றால், பலன் இல்லாததற்குத் தெரபியைக் குறைசொல்ல முடியாது.

குறிக்கும் வழி எளிதாக இருக்கவேண்டும். அழுத்தினால் எண்ணும் கை கவுன்ட்டர் வசதியானது, ஆனால் அதன் "டிக்" சத்தம் சத்தத்துக்கு உணர்வு மிகுந்த குழந்தையின் கவனத்தை இழுத்துவிடும். சில குழந்தைகள் அதைப் பிடுங்கி அழுத்திக்கொண்டே இருப்பார்கள். வலது பையில் பத்து பட்டன்களைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒன்றை இடது பைக்கு மாற்றுவது சத்தமில்லாத வழி. குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதும் ஒரு கையால் முடியும்.

தொடங்கும் முன் உள்ள இரண்டு வாரம்

பேஸ்லைன், அதாவது தெரபிக்கு முந்தைய நிலையின் எண்கள், இல்லாத கணக்கு கணக்கே இல்லை. பெற்றோர் புதிய தெரபியைத் தொடங்குவது பெரும்பாலும் நிலைமை மிக மோசமாக இருக்கும் நேரத்தில்தான். அந்த உச்சத்திலிருந்து அது தானாகவே ஓரளவு இறங்கும். உச்ச நாளையே தொடக்கப் புள்ளியாக வைத்தால் எந்தத் தெரபியும் வெற்றிபெற்றதாகத் தெரியும். ஆகவே குறைந்தது 7 நாள், முடிந்தால் 14 நாள், வார இறுதிகளும் உட்பட, எதையும் மாற்றாமல் எண்ணுங்கள். அந்த நாட்களிலேயே எண் இறங்கிக்கொண்டே வந்தால் தெரபியைத் தொடங்காமல் காத்திருங்கள். எண் ஓரளவு சமநிலைக்கு வரட்டும்.

அதே சமயம் வீட்டில் எண்ணும் இருவரும் ஒரே மாதிரி எண்ணுகிறார்களா என்று சோதித்துவிடலாம். 10 நிமிட வீடியோ ஒன்றை இருவரும் தனித்தனியே பார்த்து எண்ணவேண்டும். சிறிய எண்ணைப் பெரிய எண்ணால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். ஒருவருக்கு 9, மற்றவருக்கு 12 என்றால் 75 சதவீதம். 80-க்குக் கீழே வந்தால் வரையறையைத் திருத்தவேண்டும். இதைச் செய்யாத வீடுகளில், அம்மா எண்ணிய வாரமும் பாட்டி எண்ணிய வாரமும் இரண்டு வேறு குழந்தைகளைப் போலத் தெரியும்.

செயலிகள்

நடத்தையைப் பதியும் கைபேசிச் செயலிகள் பலவற்றுக்கும் பொதுவான குணம் சொல்கிறோம். தொடக்கம், முடிவு என்று இரண்டு முறை தொட்டால் கால அளவைத் துல்லியமாகப் பதியும். இதில் தாள் போட்டிபோட முடியாது. வரைபடமும் தானாக வரும். குறைகள் மூன்று. குழந்தை தலையை இடித்துக்கொள்ளும் நேரத்தில் கைபேசியைத் திறந்து, செயலியைத் தேடி, பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால் இரவில் நினைவிலிருந்து நிரப்புவார்கள், அது நாட்குறிப்பைவிட மேலானதல்ல. இரண்டாவது, கைபேசியே பல குழந்தைகளுக்குப் பெரிய தூண்டுதல்; அதைக் கையில் எடுத்ததும் நடத்தை மாறும். மூன்றாவது, வாய்ப்புகளை எண்ணும் வசதி இல்லாதவை நிறைய.

செயலி எடுத்தே ஆகவேண்டும் என்றால், பதிவுகளை சிஎஸ்வி கோப்பாக (ஸ்ப்ரெட்ஷீட்டில் திறக்கும் வடிவம்) வெளியே எடுக்க முடிகிறதா, கணக்கை நீக்கினால் குழந்தையின் தரவும் நீங்குகிறதா என்று முதல் நாளே பாருங்கள். குழந்தையின் உடல்நலத் தகவல் யாருடைய சர்வரில் கிடக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. கடிகாரத்துக்குச் செயலி, கணக்குக்குத் தாள், வாரக் கடைசியில் வரைபடத்துக்கு ஒரு சாதாரண ஸ்ப்ரெட்ஷீட். இந்தக் கூட்டணியே நடைமுறையில் நிலைக்கிறது.

வீடியோ

நம் கண் நாம் எதிர்பார்ப்பதைப் பார்க்கும். எடை வைத்த போர்வை பற்றி 2014-ல் கிரிங்ராஸ் குழுவினர் செய்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஆட்டிசக் குழந்தைகள் 67 பேரின் தூக்கத்தைக் கருவி வைத்து அளந்தபோது, சாதாரணப் போர்வையைவிட அது தூக்கத்தைக் கூட்டவில்லை. ஆனால் பெற்றோரும் குழந்தைகளும் எடைப் போர்வையையே விரும்பினார்கள். விருப்பம் பொய் இல்லை. அது வேறு அளவு.

மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே வேலையில், 5 நிமிடம் எடுங்கள். முகம் கழுவுவது, கட்டை அடுக்குவது என்று ஏதாவது ஒன்று. கேமராவை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, முதல் சில நாள் சும்மாவே வைத்துப் பழக்குங்கள். இல்லையென்றால் குழந்தை கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு தேதியை மறைத்து, வரிசையைக் கலைத்து, தெரபி பற்றித் தெரியாத ஒருவரிடம் கொடுத்து எண்ணச் சொல்லலாம். தலைமுடி நீளமும் புதுச் சட்டையும் தேதியைக் காட்டிக்கொடுக்கும், அதனால் இது முழுமையான சோதனை ஆகாது. ஆனாலும் பெற்றோரின் நம்பிக்கை கலக்காத ஒரே எண் இதுதான். தெரபி நடப்பது பள்ளி ஆசிரியருக்குத் தெரியாது என்றால், அவரிடம் வாரம் ஒரு கேள்வி கேட்பதும் கிட்டத்தட்ட அதே அளவு பயன் தரும்.

இலக்கு அளவுகோல்

கிரெசுக், ஷெர்மன் இருவரும் 1968-ல் கொண்டுவந்த முறை. ஷாஃப் ஆய்விலும் இதுவே பயன்பட்டது. ஒரு இலக்குக்கு ஐந்து படிகளை முன்கூட்டியே எழுதவேண்டும். −2 முதல் +2 வரை. தலைக்குக் குளிப்பதற்கு இப்படி எழுதலாம். −2: தண்ணீரைக் கண்டதும் ஓடுகிறது, இருவர் பிடிக்கவேண்டும். −1: ஒருவர் பிடித்தால் அழுதுகொண்டே குளிக்கிறது. 0: நனைந்த துணியால் தலையைத் துடைக்கவிடுகிறது. +1: கோப்பையால் தண்ணீர் ஊற்ற 1 நிமிடம் பொறுக்கிறது. +2: ஷாம்பூ உட்பட முழுக் குளியல், பிடிக்கத் தேவையில்லை. தற்போதைய நிலை −2. 12 வாரத்தில் எதிர்பார்ப்பது 0.

பெற்றோருக்கு உண்மையில் வேண்டியதை இதுபோல் அளக்கும் வேறு கருவி இல்லை. ஆனால் 0-ஐ எளிதாக எழுதிவிட்டால் வெற்றி நிச்சயம். அதனால் படிகளைத் தெரபிஸ்ட்டிடம் காட்டி, தொடங்கும் முன்பே தேதி போட்டு மூடிவிடவேண்டும். நடுவில் திருத்தக் கூடாது.

எண்களைப் படிப்பது

வாரச் சராசரி வேண்டாம்; நடு எண்ணை எடுங்கள். ஒரு வாரத்தில் மெல்ட்டவுன் 2, 3, 2, 9, 3, 2, 4 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 3.6. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வருவது 3. காய்ச்சல் வந்த ஒரு நாளின் 9, சராசரியை இழுக்கும்; நடு எண்ணை அவ்வளவாக அசைக்காது.

வரைபடத்தில் தெரபி தொடங்கிய நாளில் நெடுக்காக ஒரு கோடு போடுங்கள். மருந்து மாற்றம், புதிய ஸ்பீச் தெரபி, பள்ளி மாற்றம் என்று எது நடந்தாலும் இன்னொரு கோடு. பிறகு பேஸ்லைனின் மிகக் குறைந்த எண்ணை எடுத்து, தெரபி நாட்களில் எத்தனை நாள் அதற்கும் கீழே இருந்தன என்று பாருங்கள். பேஸ்லைனின் மிகக் குறைந்த எண் 4 என்று வைத்துக்கொள்வோம். தெரபியின் 20 நாட்களில் 17 நாள் 4-க்குக் கீழே என்றால் 85 சதவீதம். ஒரே ஒரு குழந்தையைத் தொடர்ந்து அளக்கும் ஆய்வுகளில் 90-க்கு மேல் மிக நல்ல பலன், 70 முதல் 90 வரை பலன் உண்டு, 50 முதல் 70 வரை சந்தேகம், 50-க்குக் கீழே பலன் இல்லை என்று கொள்வது வழக்கம். பேஸ்லைனில் ஒரே ஒரு நாள் 0 வந்துவிட்டால் இந்தக் கணக்கு உடைந்துபோகும். அப்போது கண்ணால் வரைபடத்தைப் பார்ப்பதே வழி.

பயணம், உடல்நலக்குறைவு என்று ஒரு வாரம் தெரபி நின்றால் எண்ணுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். தெரபி நின்றதும் எண் ஏறி, மீண்டும் தொடங்கியதும் இறங்கினால் அதைவிட வலுவான சான்றை வீட்டில் பெற முடியாது. ஏறவில்லை என்றால் இரண்டு அர்த்தம் உண்டு: மாற்றம் நிலைத்துவிட்டது, அல்லது மாற்றத்துக்கும் தெரபிக்கும் தொடர்பில்லை. நான்காவது நடத்தையின் வரி இதைப் பிரித்துக்காட்ட உதவும்.

தாளில் சேர்க்கவேண்டிய நிறுத்தக் குறிகள்

எந்தப் படிவமும் இதற்கு இடம் விடுவதில்லை, நீங்களே சேர்த்துக்கொள்ளவேண்டும். ஊஞ்சல், சுழற்சிப் பயிற்சியின்போதோ அதற்குப்பிறகோ முகம் வெளுத்தல், வியர்த்தல், குமட்டல், அடுத்தடுத்துக் கொட்டாவி, காரணமில்லாத தொடர் சிரிப்பு ஆகியவை மிகைத் தூண்டலின் அறிகுறிகள். சில நேரம் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும். மாலைப் பத்தியில் இதைப் பார்க்கவேண்டியது அதனால்தான். அன்றைக்கு அந்தப் பயிற்சியை நிறுத்தி, தேதியோடு குறித்து, தெரபிஸ்ட்டிடம் கேட்டபிறகே தொடரவேண்டும். வலிப்பு வரலாறு உள்ள குழந்தைக்குச் சுழற்சிப் பயிற்சியை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. எடை மேலாடையைக் குழந்தை தானாகக் கழற்ற முடியவேண்டும். எடைப் போர்வை கைக்குழந்தைகளுக்கு ஆகாது.

பேசிய சொற்கள் குறைந்துபோனாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது கூடினாலோ, கண் நிலைகுத்திப் பேச்சுக்கு மறுமொழி இல்லாத நொடிகள் வந்தாலோ இரண்டு வாரம் எண்ணிப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள்; உடனே மருத்துவரைப் பாருங்கள்.

முடிவு தேதியையும் முதல் தாளிலேயே எழுதிவிடுங்கள். 10 முதல் 12 வாரம் போதுமான கால அளவு. அந்த நாளில் தெரபிஸ்ட்டிடம் எடுத்துப்போகவேண்டியவை: ஒவ்வொரு நடத்தைக்கும் ஒரு வரைபடம், ஏடெக் பகுதிவாரிப் புள்ளிகள் இரண்டு முறைக்கு உரியவை, முதல் மற்றும் கடைசி வீடியோ, இலக்கு அளவுகோல் தாள். எடுத்துப்போகும் கோப்பு இதைவிடத் தடிமனாக இருந்தால் அவர் படிக்க மாட்டார். எந்தப் பயிற்சியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பலன் தெரியாத பயிற்சிக்குப் போகும் தினசரி அரை மணி நேரத்தைக் குழந்தை விரும்பும் விளையாட்டுக்குத் திருப்பிக்கொடுக்கலாம்.